வெறுங்கையோடு திரும்பிய வரி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் இடது கண்ணும் மங்கிவிட்டது. நேற்றுக் காலை உறுதியானது. சொன்னவர் கண் மருத்துவர், பக்கத்தில் நின்று கேட்டவள் நான். வலது கண் போன வருடமே போனது உனக்குத் தெரியும். இரண்டுக்கும் ஒரே வழி கருவிழி மாற்று. ஒரு கண்ணுக்குக் கிடைத்தாலே போதும், தெருமுனை வரை தானே போய் வருவார் என்கிறார் மருத்துவர். கருவிழி வங்கியில் பதிந்துவிட்டேன். அதாவது, நீ வேலை பார்க்கிற இடத்தில்.

நான் நலம். அப்பாவும் நலமென்று அவரே சொல்கிறார். அதை வேறு யாரிடமும் சரிபார்க்கவில்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளைக் காதால் ஓட்டுகிறார். "கிளட்ச மிதிச்சுட்டு கியர மாத்துடா, பல்லு தேயுது பாரு" என்று முன்பின் தெரியாத டிரைவர்களைத் திட்டுகிறார். நேற்று டீ டம்ளரை மேசை விளிம்புக்கு வெளியே வைத்தார். உடைந்ததும், "மேஜைய யாருடி நகர்த்துனது?" என்று என்னிடமே கேட்டார். யாரும் நகர்த்தவில்லை.

இதையெல்லாம் ஃபோனில் சொல்ல முடியாது. அதன் பக்கத்திலேயே அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டுவிட்டார். வங்கி கூப்பிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமாம். லைன் காலியாக இருக்கட்டும் என்று என்னையும் பேச விடுவதில்லை. அதனால்தான் கடிதம்.

நான் பத்திரிகை ஆபீஸ் போனால் அவர் தனியாக இருக்கிறார். நீ ஒரு மாதம் லீவு போட்டு வருவதாக இருந்தால் எழுது. மாடியறையைத் துடைத்து வைக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

கொஞ்சம் இருமல், மற்றபடி சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

பதிந்தது நல்லது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரைக் கூப்பிடுவது என்பதில் எனக்குப் பங்கில்லை. அதை முடிவு செய்கிற கம்ப்யூட்டர் நிரலைப் பழுதில்லாமல் வைத்திருப்பது மட்டும்தான் என் வேலை. என் திரையில் பதிவு எண் மட்டும் வரும். பெயர் வராது, ஊர் வராது. கடைசியில் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதுகூட வேறு மாடிக்குப் போய்விடும். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வாய்த்த அந்த இன்னொருவருக்கு ஆபீசில் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். காலையில் வணக்கம் சொன்னால், "ஏன், என்னாச்சு?" என்று கேட்பாள். இப்போது பிரசவ விடுப்பில் இருக்கிறாள். அவள் திரும்புகிற வரை மாற்றம் எதுவும் வேண்டாம் என்று உத்தரவு.

எழுபதைத் தாண்டி, இரண்டு கண்ணும் மங்கியவர்களுக்குத் தனி விதி இருக்கிறது. விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள் என்பதால் முன்னுரிமை. அப்பா அதில் வருவார். கவலைப்படாதே.

அவருடைய பதிவு எண் என்ன? சும்மாதான் கேட்கிறேன்.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.
தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. இருமலுக்கு டாக்டரைப் பார்.

எண் 2618. சும்மா கேட்கிறவர்களிடம் பேசித்தான் நான் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறேன், இருந்தாலும் தருகிறேன். வருவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. வரவில்லை என்று எடுத்துக்கொண்டு மாடியறையில் என் பழைய பேப்பர் கட்டுகளை ஏற்றிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஒரு சிநேகிதம் கிடைத்திருக்கிறது. வரிசையில் அவருக்கு முந்தைய எண், 2617. நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எழுபத்து மூன்று வயது. ஒரு கண்ணில் நரம்பே செத்துவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. மற்றதன் கருவிழியில் புண். நிலைமை அப்படி, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"டிரைவர் சார், உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"நான் எதுக்கு டீச்சர் நீந்தணும்? மழை பெஞ்சா பஸ்ஸே நீந்தும்."

"எனக்கு முன்னாடி கூப்பிட்டாங்கன்னா ஓவர்டேக் பண்ணிடாதீங்க."

"ஹாரன் அடிச்சுட்டுத்தான் போவேன்."

டீச்சர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "கம்ப்யூட்டர் எப்படிம்மா முடிவு பண்ணுது? அதுக்கு என்னைத் தெரியுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி எழுது, அவருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா உன்னைக் கேட்டார். "கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?" என்பதுதான் அவர் உன்னைக் கேட்கிற விதம்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. அங்கே எல்லாரும் சௌக்கியம்தானே.

டீச்சரின் கேள்விக்குப் பதில். எங்கள் நிரல் லிஸ்ப் என்ற மொழியில் எழுதியது. பழைய மொழி, நிறைய அடைப்புக்குறி, எனக்கு உயிர். மற்ற பல மொழிகளில் 'இப்படி இருந்தால்' என்பது ரோடு பிரிகிற இடம் மாதிரி. இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று கைகாட்டிவிட்டு அதன் வேலை முடிந்துவிடும். லிஸ்ப்பில் அப்படி இல்லை. கடைக்கு ஆள் அனுப்புகிற மாதிரி வைத்துக்கொள். 'இப்படி இருந்தால்' என்று கேட்டு அனுப்பினால், போனவன் கையில் ஏதாவது ஒன்றோடு திரும்பி வந்தே ஆக வேண்டும். கேள்வி கேட்ட இடத்திலேயே அந்தப் பொருள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கருவிழி வந்ததும் நிரல் வரிசையின் முதல் ஆளிடம் போகும். அவசரமா? எழுபதைத் தாண்டி இரண்டு கண்ணும் மங்கியவரா? இப்படி ஒவ்வொரு நிபந்தனையாகக் கேட்கும். எது முதலில் பொருந்துகிறதோ அந்தக் கிளைக்குள் இறங்கும். ஒரு கிளையில் பத்து வரி இருக்கலாம். கடைசி வரி எதைத் தருகிறதோ அதுதான் அந்தக் கிளையின் பதில். 'அழைக்கலாம்' என்று வந்தால் அழைப்பு. எதுவுமே பொருந்தாவிட்டால் வெறுங்கையோடு திரும்பும். வெறுங்கை என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம், அடுத்த ஆளிடம் போகும். அது யாருக்கும் சொந்தக்காரனில்லை என்று டீச்சரிடம் சொல்.

இன்னொன்று. அப்பாவுக்கு ஒரு பையில் துணிமணி எடுத்துத் தயாராக வை. இந்த வாரமே தேவைப்படலாம். டீச்சரையும் வைத்துக்கொள்ளச் சொல். ஏன் என்று கேட்காதே.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

கால்வலி, தூக்கமின்மை, மற்றபடி குறைவில்லை.

பை தயாராகி இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. இன்று காலை அப்பா அதிலிருந்தே சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார், "மடிச்சு வெச்சா கசங்குது" என்று. அழைப்பு வரவில்லை. டீச்சருக்கும் வரவில்லை. அவர் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, போகிறபோதும் வருகிறபோதும் அதில் தடுக்கிக்கொள்கிறாராம்.

ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்பதுதான் என் தொழில். உனக்குப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, யாரைக் கூப்பிட்டார்கள் என்பதும் தெரியாது என்று பிப்ரவரியில் எழுதினாய். அப்படியானால் 'இந்த வாரம்' என்று உனக்குச் சொன்னது யார்?

கடைசி வரிதான் பதில் என்பது வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் ஆபீசில் இடம் போதாவிட்டால் ஆசிரியர் முதலில் வெட்டுவது கடைசி வரியைத்தான்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

ஃபோன் ஒழுங்காக வேலை செய்கிறதா? அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாரா? அல்லது ரிசீவரைச் சரியாக வைக்காமல் விடுகிறாரா? மார்ச்சில் ஒரு தரம், போன வாரம் ஒரு தரம், இரண்டு தரம் அவர் முறை வந்திருக்கிறது. ஒருவர் கண் தானம் செய்தால் இரண்டு பேருக்குக் கிடைக்கும். 2617, 2618 இரண்டும் வந்தன. கூப்பிட்டால் அன்றைக்கே வர வேண்டும் என்று நீயே எழுதினாய், எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். நீ வீட்டில் இல்லாத நேரத்தில் யாராவது கூட இருக்கக் கூடாதா? ஊர்ச் செய்தியெல்லாம் தெரிகிறது, வீட்டில் மணி அடிப்பது தெரியவில்லையா?

எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதே. நான் எதிலும் கை வைக்கவில்லை.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கவில்லை, முதல் தடவையே போதுமாக இருந்தது. ஃபோனைப் பழுது பார்ப்பவர் வந்து பார்த்தார், பழுதில்லை. அப்பா குளிக்கப் போகும்போது கதவைத் திறந்தே வைக்கிறார். குறை சொல்வதாக இருந்தால் என்னைச் சொல், அவரைச் சொல்லாதே.

உறுதியானவை இவை. மார்ச்சிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு நான்கு கருவிழிகள் வந்தன. பெற்ற நான்கு பேரும் எழுபதுக்குக் கீழ். நான்கு பேரும் அப்பாவுக்குப் பிறகு பதிந்தவர்கள். எழுபதைத் தாண்டியவர்கள் ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கும் அழைப்பு இல்லை. மார்ச்சுக்கு முன்னால் இப்படி நடந்ததில்லை. சொன்னவர் அறுவை அரங்கின் தலைமை நர்ஸ். ஐந்து வீடுகளுக்கும் நானே போய்க் கேட்டேன். மணி எங்குமே அடிக்கவில்லை.

இன்னொன்றும் உறுதி. டீச்சரின் கருவிழிப் புண் போன வாரம் வெடித்துத் தொற்று உள்ளே இறங்கிவிட்டது. கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றதில் கருவிழி மாற்றிப் பயனில்லை என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். 2617 என்ற எண்ணை வரிசையிலிருந்து அடித்துவிட்டார்கள். இனி அவருக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை.

உங்கள் கம்ப்யூட்டர் எழுபதைத் தாண்டியவர்களிடம் போய் வெறுங்கையோடு திரும்புகிறது. ஏன் என்று பார்த்துச் சொல்.

அக்கா


ஜூலை 1

தம்பிக்கு,

ஒரு மாதமாகிறது. பதில் இல்லை. பிப்ரவரியில் உன் மௌனத்தை 'வரவில்லை' என்று எடுத்துக்கொண்டேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் ஜூன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். ஆபீசிலிருந்து வீடு, வீட்டிலிருந்து ஆபீஸ், நடுவில் எங்கே இறங்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போனேன்.

பிழை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எழுபது வயதுக் கிளையில் 'அழைக்கலாம்' என்பதுதான் கடைசி வரியாக இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. அந்தக் கிளைக்குள் யாராவது வந்தால் பதிவு எண்ணைத் திரையில் எழுதிக் காட்டுகிற வரி. வேறு எந்த வேலையும் இல்லை. ஆனால் அந்த மாதிரி வரி எழுதி முடித்ததும் வெறுங்கையோடு திரும்பும். அது கடைசியில் இருந்ததால் அதன் வெறுங்கையே கிளையின் பதிலாகிவிட்டது. மேலே 'அழைக்கலாம்' என்று இருந்தும் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நிரல் நிற்கவில்லை, பிழைச் செய்தி வரவில்லை. 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டது.

'சந்தேகம்' பிரசவ விடுப்பு முடிந்து இந்த வாரம்தான் வந்தாள். அவள் பார்த்துக் கையெழுத்திட, வரி நீக்கப்பட்டது. எப்படி நடந்தது என்று பார்க்க ஒரு விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். இனி அழைப்பு வரும்.

டீச்சர் எப்படி இருக்கிறார்?

தம்பி


ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. உன் உடம்பைக் கவனி, கடைசி நிறுத்தம் வரை போகாதே.

'சேர்க்கப்பட்டிருந்தது' என்கிறாய். சேர்த்தவர் யார்? அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். உன் கடிதங்களை வரிசையாக மேசையில் பரப்பினேன். பிப்ரவரியில் எண் கேட்டாய். மார்ச் முதல் வாரம் நான் கொடுத்தேன். மார்ச் கடைசியில், அந்த எண் வந்ததைப் பார்த்தவன் போலப் பையைத் தயாராக வைக்கச் சொன்னாய். மே மாதம் எண்ணையே எழுதினாய். பதிவு எண்ணைத் திரையில் காட்டுகிற அந்த வரி யாருக்குக் காட்டிக்கொண்டிருந்தது?

நீ சொல்லிவிட்டால் நான் இன்னொரு முறை கேட்க மாட்டேன். ஆனால் என்னிடம் சொன்னால் மட்டும் போதாது. அப்பா இருக்கிற செய்தியை நான் எழுத முடியாது. ஆபீசில் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுக்கப் போகிறேன். மாதக் கடைசிவரை பொறுப்பேன். அதற்குள் உங்கள் விசாரணைக் குழுவிடம் நீயே போ.

இதை எழுதும்போது அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். "யாருக்குடி இவ்வளவு அழுத்தி எழுதுற? பேனா கிழிக்குது" என்றார். சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் சொன்னது இது, அப்படியே எழுதுகிறேன்:

"கண்ணாடியில பின்னாடி பாக்கலாம்டா. எல்லா டிரைவரும் பாக்குறான். பாக்கும்போது கை ஸ்டியரிங்ல இருக்கணும்."

அக்கா


ஜூலை 31

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

வரியைச் சேர்த்தது நான். நேற்று முன்தினம் குழுவின் முன்னால் சொல்லிவிட்டேன். அப்பாவின் முறை வருவது எனக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது, வேறொன்றும் இல்லை. அவர் எண்ணுக்கு மட்டும் வைத்தால் அது சலுகை, தப்பு. கிளைக்கே வைத்தால் எல்லாருக்கும் பொது, தப்பில்லை என்று நினைத்தேன். அந்த நியாயத்தால்தான் டீச்சரும் மாட்டிக்கொண்டார். அப்பாவுக்கு மட்டும் வைத்திருந்தால் அப்பா மட்டும்தான் விடுபட்டிருப்பார்.

நான் முடிவை மாற்றவில்லை, பார்க்கத்தானே செய்கிறேன், இதற்கு எதற்குக் கையெழுத்து என்று விட்டேன். அப்போது 'சந்தேகம்' ஆபீசில் இருந்திருந்தால், "ஏன், எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. கடைசி வரிதான் பதில் என்று உனக்கு விளக்கி எழுதிய அதே வாரம், அதே கிளையின் அடியில் என் வரி உட்கார்ந்திருந்தது. எண்ணைப் பார்த்ததும் அழைத்துவிட்டார்கள் என்றே நம்பினேன். அதனால்தான் உன்னைத் திட்டினேன். ஜூன் கடிதம் கிடைத்த அன்றே பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே வரியை எடுத்திருக்கலாம். எடுத்தால் யார் வைத்தது என்று கேட்பார்கள் என்று, அவள் திரும்பி வருகிற வரை விட்டுவைத்தேன். அதையும் குழுவிடம் சொன்னேன். உன் ஜூன் கடிதத்திலிருந்து வரியை எடுக்கிற வரை கருவிழி எதுவும் வரவில்லை. அது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

நிரல் இருக்கிற அறைக்குள் என்னை இப்போது விடுவதில்லை. நடைபாதையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் மணி எத்தனை என்று மட்டும் கேட்கிறார்கள். சந்தேகம் ஒருத்திதான் வந்து, "சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். நம்பவில்லை.

டீச்சருக்கு எழுதலாமா? எழுதினால் யார் படித்துக் காட்டுவார்கள்?

தம்பி


ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

விடுபட்ட ஐந்து பேரில் மீதமுள்ள நால்வரையும் பழைய வரிசைப்படி முன்னால் வைக்கக் குழு பரிந்துரைத்திருக்கிறது. நேற்று ஆஸ்பத்திரி அதிகாரி ஒப்பமிட்ட கடிதம் வீட்டுக்கு வந்தது. என் கையில் இருக்கிறது. அந்த வரிசையில் அப்பாதான் முதல். அவருக்கு மேலே ஒரு எண் அடிக்கப்பட்டதால் முதல்.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும், "டீச்சர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். கூட்டிப்போனேன். நான் சொல்கிறேன் என்றதற்கு விடவில்லை, தானே சொன்னார். வரி, வெறுங்கை, நீ, எல்லாம். முடிந்ததும் டீச்சர் கேட்டார்:

"டிரைவர் சார், இப்ப என்ன, என்னை ஓவர்டேக் பண்றீங்களா?"

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"போங்க. ஹாரன் அடிச்சுட்டீங்கல்ல, போங்க. ஆனா மன்னிச்சேன்னு எழுதச் சொல்லாதீங்க. கோவமாத்தான் இருக்கேன். இன்னும் ரொம்ப நாள் இருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உன் தம்பிய எழுதச் சொல்லும்மா. நீ வந்து படி. என் பையன் படிக்கிறேன்னு சொல்லிட்டு மூணு வருஷமா வரல" என்றார்.

கிளம்பும்போது வாசலில் அவருடைய பை இன்னும் இருந்தது. அப்பா அதில் தடுக்கினார். யார் எடுத்து உள்ளே வைப்பது என்று தெரியாமல் மூன்று பேரும் நின்றோம். கடைசியில் டீச்சரே குனிந்து, தடவி, எடுத்துக்கொண்டு போனார்.

செய்தி ஆறாம் தேதி வந்தது. எழுதியவர் பக்கத்து மேசைக்காரர். உன்னைப் பெயர் சொல்லாமல் 'ஊழியர் ஒருவர், தாமே முன்வந்து' என்று எழுதியிருக்கிறார். 'தாமே முன்வந்து' நான் சேர்க்கச் சொன்னதல்ல. ஆசிரியரும் அதை வெட்டவில்லை.

இனி நீ வருவதைப் பற்றி. இந்தத் தடவை இரண்டு பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். வந்தால், மாடியறையிலிருந்து பேப்பர் கட்டுகளை இறக்கியாயிற்று, அப்பா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு வந்து மேற்பார்வை பார்த்தார். வர முடியாவிட்டால், முடியாது என்று ஒரு வரி எழுது. எதுவும் எழுதாவிட்டால், பதில் இன்னும் வரவில்லை என்று மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

நிலுவையில் இருப்பவை: பரிந்துரையை வங்கி ஏற்பது, உன் மீதான முடிவு. இரண்டும் ஆகஸ்ட் 24-க்குள் எழுத்தில் வரும் என்கிறார் அந்த அதிகாரி. அடுத்த கருவிழி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா ஃபோன் பக்கத்தில்தான் இருக்கிறார்.

அக்கா